படிக்க மறுத்த டிஸ்க்

"எட்டு மாசமாச்சுங்க டீச்சர். இன்னும் என்னை ஸ்குரூ மட்டும்தான் கழட்ட விடறீங்க" என்றார் சென்னியப்பன்.

மேகலா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தனை ஸ்குரூ கழட்டியிருப்பீங்க?"

"எண்ணலீங்க."

"ஒண்ணாவது தலை தேஞ்சுதா?"

"இல்லீங்க."

"அப்ப நல்லாத்தான் போகுது" என்றாள் மேகலா.

சென்னியப்பனுக்கு அறுபது வயது. முப்பத்து நான்கு வருடம் மின்வாரியத்தில் லைன்மேன். ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டில் உட்கார முடியாமல் இந்த அறைக்கு வந்து சேர்ந்தார். ஈரோட்டில் ஒரு பேக்கரியின் மாடி. கெட்டுப்போன ஹார்ட் டிஸ்குகளிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தருவது மேகலாவின் தொழில். அவளுக்கு முப்பத்திரண்டு.

பேர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று அவள் முதல் நாளே சொன்னாள்.

"கத்துக் குடுக்கறவங்களைப் பேர் சொல்லி எப்படிங்க கூப்பிடறது" என்று அவர் டீச்சர் ஆக்கிவிட்டார்.

அவள் அவரை ஐயா என்றாள்.

*

மே மாதம் முதல் வாரத்தில் லில்லி மேடம் ஒரு கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மையம் நடத்துகிறவர். பெட்டியை மேசையில் வைத்தபிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"பன்னெண்டு வருஷம்மா. ஒவ்வொரு குழந்தையும் வந்த முதல் நாள்லேருந்து அது பேசினதெல்லாம் இதுக்குள்ள இருக்கு. நேத்துலேருந்து ஒண்ணும் திறக்க மாட்டேங்குது."

பெட்டிக்குள் நான்கு டிஸ்குகள். நான்கும் சேர்ந்து ஒரே தொகுப்பு.

மேகலா முன்பக்கம் இருந்த சின்ன விளக்குகளைப் பார்த்தாள்.

"இந்த ஆரஞ்சு லைட் எப்பலேருந்து எரியுது?"

"அதுவா, போன வருஷத்துலேருந்தே எரியுதே. நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சேன்."

மேகலா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் போனபிறகு சென்னியப்பன் கேட்டார்.

"அந்த லைட் என்னங்க?"

"ஒரு ஃபைலை இந்தப் பெட்டி ஒரே டிஸ்க்ல வைக்காது. துண்டு துண்டாக்கி நாலுலயும் பிரிச்சு வைக்கும். நாலுல ஒண்ணு செத்துட்டா, அதுல என்ன இருந்துச்சுன்னு மத்த மூணும் சேந்து சொல்லிடும்."

"அப்ப ஒண்ணு செத்தாப் பரவாயில்லையே."

"ஒண்ணு செத்து ஒரு வருஷமாச்சு. அதுக்குத்தான் அந்த லைட். இப்ப ரெண்டாவது சாகுது."

"அது செத்துட்டா?"

"மீதி ரெண்டும் பாதிப் பாதிதான் பேசும். யாருக்கும் ஒண்ணும் புரியாது."

சென்னியப்பன் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். பதினாறு ஸ்குரூ. அன்றைக்கு மிக மெதுவாகக் கழற்றினார்.

*

நல்ல டிஸ்குகள் இரண்டும் ஒரே நாளில் நகல் எடுத்து முடிந்தன. செத்த டிஸ்க் சுற்றவே இல்லை.

மிச்சமிருந்தது செத்துக்கொண்டிருந்த டிஸ்க். அது சுற்றியது. கொஞ்ச தூரம் படித்தது. நின்றது. மறுபடி படித்தது.

திரையில் அதன் வரைபடம் ஓடியது. சின்னச் சின்னக் கட்டங்கள். படித்த இடம் பச்சை. படிக்க முடியாத இடம் சிவப்பு. இன்னும் போகாத இடம் சாம்பல். சிவப்பு வந்ததும் மேகலா அங்கே நிற்காமல் தாண்டிப் போகச் சொல்லியிருந்தாள்.

"டீச்சர், ஃபால்ட் எங்க இருக்குதோ அங்கதானுங்களே மொதல்ல போகோணும்? நாங்க அப்படித்தான் ஏறுவோம்."

"நீங்க ஏறினா கம்பத்துக்கு வயசு ஏறுமா?"

"அதெப்படிங்க ஏறும்."

"இது ஒவ்வொரு தடவை தொடும்போதும் ஏறும். நல்லா இருக்கற இடத்தை மொதல்ல வாங்கிக்கலாம். கெட்ட இடத்துக்குக் கடைசியா, மெதுவாப் போவோம்."

"அதுவரைக்கும் அந்த இடம் இருக்கோணுமே."

"இருக்கணும்" என்றாள் மேகலா.

*

மூன்றாம் நாள் படியேறி ஓர் அம்மா வந்தாள். கழுத்தில் பனியன் கம்பெனியின் அடையாள அட்டை. பின்னால் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி.

"லில்லி மேடம் சொன்னாங்க. பெட்டி இங்கதான் இருக்குதுன்னு."

பெயர் தங்கமணி. மகள் தர்ஷினி.

"இவ பொறக்கும்போதே காது கேக்காதுங்க. மூணு வயசுல ஆபரேசன் பண்ணிக் காதுக்குள்ள மெஷின் வெச்சாங்க. லில்லி மேடம் கிட்ட நாலு வருசம் கூட்டிட்டுப் போனேன். பேசினாளுங்க. சொல்லு சொல்லாப் பேசினா. ஏழு வயசுல உள்ள சீழ் புடிச்சு மெஷினை எடுத்துட்டாங்க. மறுபடி வெக்க முடியாதுன்னுட்டாங்க. ஒரு வருசத்துல பேச்சு நின்னுபோச்சு."

தர்ஷினி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியூரில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் படிக்கிறாள். லீவுக்கு வந்திருக்கிறாள். அங்கே எல்லோரும் கையால் பேசுவார்கள்.

"இவ ஒரு காலத்துல பேசினான்னு சொன்னா ஊட்டுல யாரும் நம்பறதில்லீங்க. நான் ஆசைக்குச் சொல்றேன்னு நெனைக்கறாங்க." தங்கமணி குரலைத் தாழ்த்தினாள். மகளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் தாழ்த்தினாள். "இப்ப எனக்கே சந்தேகமா இருக்குதுங்க."

சென்னியப்பன் மேகலாவைப் பார்த்தார்.

"கிடைக்கும்னு சொல்ல மாட்டேங்க்கா. பாக்கறோம்" என்றாள் மேகலா.

"தெனமும் வரட்டுங்களா?"

"வாங்க."

*

தினமும் வந்தார்கள். தங்கமணிக்கு மத்தியான ஷிப்ட். கம்பெனி பஸ் பேக்கரிக்கு எதிரில்தான் நிற்கும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து திரைக்கு முன்னால் உட்காருவாள். சில நாள் மகளை விட்டுவிட்டுப் போவாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து கூட்டிப்போவாள்.

தர்ஷினிக்கு அந்தக் கட்டங்கள் பிடித்துவிட்டன. நிறம் மாறினால் சென்னியப்பனின் தோளைத் தட்டுவாள். அவர் திரும்பிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்துவார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அப்படி இல்லை என்று அர்த்தம். பச்சைக்கு ஒரு கை, சிவப்புக்கு ஒரு கை, காத்திரு என்பதற்கு ஒரு கை என்று காட்டிக் கொடுத்தாள்.

அவர் கை கம்பியும் இடுக்கியும் பிடித்துக் காய்த்துப் போன கை. விரல் சொன்னபடி மடங்காது. அவள் மடக்கி விடுவாள்.

ஒருநாள் தங்கமணி திரையில் சிவந்திருந்த ஓர் இடத்தைக் காட்டினாள்.

"இவளோடது அதுக்குள்ள இருக்குதுங்களா?"

"யாரோடது எங்க இருக்குதுன்னு இப்பத் தெரியாதுங்கம்மா" என்றார் சென்னியப்பன். "எல்லாத்தையும் ஒண்ணு சேத்த பொறகுதான் தெரியும்."

"இருக்கலாமில்லீங்களா?"

"இருக்கலாமுங்க."

அன்று மேகலா இல்லை. பல் வைத்தியரைப் பார்க்கப் போயிருந்தாள்.

"அங்க போயி ஒருக்கா பாக்க முடியாதுங்களா?"

சென்னியப்பன் வாசலைப் பார்த்தார். தங்கமணி திரும்பக் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அதே சிவப்பைப் பார்த்தாள்.

அவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். சிவந்த இடத்துக்குப் போகச் சொன்னார். கிடைக்கும் வரை விடாமல் படி என்று சொன்னார். எட்டு மாதம் பக்கத்தில் நின்று பார்த்ததில் அந்த அளவுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு கட்டம் பச்சையானது.

பிறகு இன்னொன்று.

மூன்றாவது பச்சையானபோது தங்கமணி அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மேசையில் உள்ளங்கையை வைத்திருந்த தர்ஷினி வெடுக்கென்று கையை எடுத்தாள். சுடுகிறது என்பதுபோல். மறுபடி வைத்துப் பார்த்தாள். சென்னியப்பனின் முழங்கையில் ஓங்கி அடித்தாள்.

அதற்குப் பிறகுதான் அவருக்குக் கேட்டது.

டக். டக். டக்.

ஸ்விட்சை அணைத்தார். வேறு யாரோ அணைத்ததுபோல் இருந்தது அவருக்கு.

*

மேகலா வந்தபோது கன்னம் வீங்கியிருந்தது. அறையில் சென்னியப்பன் மட்டும் இருந்தார். நடந்ததைச் சொன்னார்.

அவள் டிஸ்கின் மேல் ஒரு விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

"எத்தனை நிமிஷம்?"

"பதினஞ்சு இருக்குமுங்க."

கீழே பேக்கரியில் யாரோ கேக்குக்குப் பேர் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"திட்டிப் போடுங்க டீச்சர்."

"திட்டினா அது படிக்குமா?"

"படிக்காதுங்க."

"அப்ப டீ சொல்லுங்க. எனக்குச் சூடு ஆகாது. ஆறட்டும், குடிக்கறேன்."

டீ வந்தது. ஆறும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் நாளையிலேருந்து வரலீங்க."

"நாளையிலேருந்து அஞ்சு நாள் லீவு" என்றாள் மேகலா.

"எனக்குங்களா?"

"டிஸ்குக்கு. நீங்க தினமும் வரணும்."

"வந்து என்னங்க செய்யோணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தக்கா நாளைக்கு வருவாங்க. நீங்கதான் சொல்லணும், ஐயா."

"என்னன்னுங்க சொல்றது?"

"நடந்ததை."

*

தங்கமணி நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார். நின்றுகொண்டே சொன்னார். செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன், அதனால் டிஸ்க் இன்னும் கெட்டுப்போயிருக்கும், இனி கிடைக்காமலே போகலாம், தப்பு என்னுடையது.

தங்கமணி கேட்டுக்கொண்டாள். தர்ஷினி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு புரிந்ததோ.

"நேத்து நான் முன்னாலயே வேலைக்குப் போயிருந்தேன்னா நீங்க செஞ்சிருக்க மாட்டீங்கல்ல?" என்றாள் தங்கமணி.

"அதுக்கில்லீங்கம்மா..."

"பக்கத்துல ஒக்காந்து புடுங்கி எடுத்தது நானுதானுங்களே."

அவள் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். கொள்ளுப் பருப்பும் சோறும்.

"மூணு பேருக்கும் சேத்துத்தான் கொண்டாந்தேன். அவளும் இங்கயே சாப்பிடட்டும்."

பஸ் வந்துவிட்டது என்று இறங்கிப் போனாள்.

சென்னியப்பன் டப்பாவைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று.

*

ஒன்றும் செய்யாமல் இருப்பது அவருக்குக் கம்பம் ஏறுவதைவிடக் கடினமாக இருந்தது. முதல் நாள் தரையைக் கூட்டினார். மேகலா துடைப்பத்தை வாங்கி மூலையில் வைத்தாள். இரண்டாம் நாள் ஸ்குரூக்களை அளவு வாரியாகப் பிரிக்கப் போனார். அவள் டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள்.

மூன்றாம் நாள் சும்மா உட்கார்ந்தார்.

அப்போதுதான் சிலதெல்லாம் கண்ணில் பட்டது.

தங்கமணி மகளிடம் பேசும்போது வாயை அகலமாகத் திறந்து பேசுவாள். சத்தமாகவும் பேசுவாள். தர்ஷினி உதட்டைப் பார்த்துப் பாதி பிடிப்பாள். மீதியை ஒரு நோட்டில் எழுதிக் கேட்பாள். தங்கமணிக்கு எழுத நேரமாகும். பஸ் வந்துவிடும். நோட்டில் பாதி வாக்கியங்கள் முடியாமலே நின்றன.

நான்காம் நாள் சென்னியப்பன் அந்த நோட்டில் எழுதினார்.

'எனக்குச் சொல்லித் தர்றியே. அம்மாவுக்குச் சொல்லித் தரலையா?'

தர்ஷினி பேனாவை வாங்கினாள்.

'அம்மா கேட்டதில்லை.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். அவள் வாசலுக்குப் போய்ச் சாலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது நோட்டை மேகலாவிடம் காட்டினார்.

"அந்தம்மாகிட்டச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்."

"ஏனுங்க?"

"நீங்க சொன்னா, அது நீங்க சொன்னதாயிடும்."

அவள் நோட்டை மூடி, தர்ஷினியின் பைக்குள் வைத்தாள்.

*

ஆறாம் நாள் காலை மேகலா டிஸ்கைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சின்ன மின்விசிறி வைத்தாள். வயர்களை மாட்டினாள். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"உக்காருங்க ஐயா."

"நானுங்களா?"

"நீங்கதான்."

"டீச்சர், வேண்டாமுங்க. என் கை..."

"இதுகிட்ட எப்படி நடந்துக்கக் கூடாதுன்னு இங்க தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்."

சென்னியப்பன் உட்கார்ந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எங்கேருந்துங்க?"

"இத்தனை நாள் முன்னாலேருந்து போனோம். இப்பக் கடைசிலேருந்து பின்னால வாங்க. முன்னாலேருந்து போனாத் தராத இடம் சில சமயம் பின்னாலேருந்து வந்தாத் தரும்."

"எவ்வளவு நேரமுங்க?"

"கொஞ்சம் படிக்கட்டும். மக்கர் பண்ணினா விட்டுருங்க. ஆறட்டும். அப்புறம் கேளுங்க."

"தரலைன்னா?"

"வேற இடத்துல கேளுங்க."

இரண்டு நிமிடம் படித்தார். பத்து நிமிடம் விட்டார்; அந்த நேரத்தில் தர்ஷினி அவருக்குப் புதுப் புதுக் கைச் சொற்களைக் காட்டிக் கொடுத்தாள். மறுபடி இரண்டு நிமிடம். தர்ஷினி மேசையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அதிர்வு மாறினால் விரலை உயர்த்துவாள். அவர் உடனே நிறுத்திவிடுவார். சில நேரம் அவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. அப்போதும் நிறுத்தினார்.

தங்கமணி வந்தால் எதுவும் கேட்பதில்லை. சுவரோரமாக உட்கார்ந்து இவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவாள்.

முதல் நாள் முப்பது கட்டங்கள் பச்சையாயின. இரண்டாம் நாள் பதினொன்று. மூன்றாம் நாள் நான்கு.

மூன்றாம் நாள் பிற்பகல் தர்ஷினி விரலை உயர்த்தவில்லை. கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டிஸ்க் சத்தமே போடவில்லை. சுற்றுவதை நிறுத்தியிருந்தது.

சென்னியப்பன் அணைத்துவிட்டுக் காத்திருந்தார். மறுபடி போட்டார். அசைவு இல்லை.

"டீச்சர்."

மேகலா வந்து பார்த்தாள்.

"போதும்" என்றாள்.

"இன்னும் செவப்பு இருக்குதுங்களே."

"இருக்கும்."

அவள் வயர்களைக் கழற்றினாள். டிஸ்கை இரண்டு கையாலும் எடுத்து ஒரு துணியில் வைத்தாள்.

சென்னியப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அந்தப் பதினஞ்சு நிமிசம் மட்டும் நான் சும்மா இருந்திருந்தா" என்றார்.

"இன்னும் கொஞ்சம் தந்திருக்கலாம். தராமலும் போயிருக்கலாம்."

"எதுன்னுங்க நான் நெனச்சுக்கறது?"

"ரெண்டையும்."

*

நகல்களை ஒன்று சேர்க்க இரண்டு நாள் ஆயிற்று. தொகுப்பு திறந்தது. பன்னிரண்டு வருடமும் வரிசையாக வந்து நின்றது. லில்லி மேடம் வந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்லச் சென்னியப்பன் திறந்தார். குழந்தைகள் பேசினார்கள். ஒரு பையன் யானை என்பதை எட்டு விதமாகச் சொன்னான். லில்லி மேடம் சிரித்தார், மூக்கைச் சிந்தினார், அடுத்த பெயரைச் சொன்னார்.

தர்ஷினி என்ற பெயரில் அறுபத்து மூன்று ஃபைல்கள் இருந்தன.

ஐம்பத்தொன்பது திறக்கவில்லை; சிவப்பாகவே நின்றுபோன இடத்தில் இருந்தவை.

மூன்றில் வெறும் இரைச்சல்.

ஒன்று இருபத்தாறு நொடி ஓடியது. அதற்கு மேல் இல்லை.

சென்னியப்பன் அதை முழுவதும் கேட்கவில்லை. குழந்தையின் குரல் வந்ததும் நிறுத்திவிட்டார். "மொத ஆளாக் கேக்க வேண்டியவன் நானில்லீங்க" என்றார். மேகலா தங்கமணிக்குப் போன் செய்தாள்.

*

தங்கமணி ஷிப்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். தலையில் பஞ்சுத் தூசி. தர்ஷினி ஏற்கெனவே அங்கே இருந்தாள்.

"இருபத்தாறு நொடிதாங்க்கா. மத்தது கிடைக்கல" என்றாள் மேகலா.

"இருக்குதுங்களா?" என்றாள் தங்கமணி. "அவ பேசறது இருக்குதுங்களா?"

மேகலா தலையசைத்தாள்.

ஹெட்போனை எடுத்து நீட்டினார் சென்னியப்பன். தங்கமணி வேண்டாம் என்றாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றாள். ஸ்பீக்கரை மேசை நடுவில் வைத்தார். தர்ஷினி அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

முதலில் லில்லி மேடத்தின் குரல்.

"தர்ஷினி, இங்க பாரு. இது என்ன?"

குழந்தை மூச்சு வாங்கும் சத்தம்.

"பந்து."

"ஆ, பந்து. வெரி குட். இப்பச் சொல்லு, அம்மா எங்க?"

ஒன்றும் இல்லை. ஏதோ பொம்மை கீழே விழும் சத்தம்.

"அம்மா எங்க தர்ஷினி?"

"அம்மா வெளிய" என்றது குழந்தை. சொல் கொஞ்சம் மூக்கில் வந்தது. "கூப்புடு."

அத்தோடு அறுந்துபோயிற்று.



தங்கமணியின் வாய் திறந்திருந்தது. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"கதவைச் சாத்திப் போடுவாங்க" என்றாள். "நான் வெளிய பெஞ்சுல ஒக்காந்திருப்பேன். நாலு வருசமும் அங்கதான் ஒக்காந்திருந்தேன். உள்ள பேசறது ஒண்ணுமே கேக்காதுங்க."

தர்ஷினி ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நெஞ்சைத் தொட்டு, வாயருகே விரலைக் கொண்டுபோய், வெளியே விரித்தாள். புருவத்தை உயர்த்தினாள்.

"என்ன கேக்கறாளுங்க?" என்றாள் தங்கமணி.

"தான் என்ன சொன்னேன்னு கேக்குதுங்க" என்றார் சென்னியப்பன்.

தங்கமணி நோட்டைத் தேடினாள். நோட்டு பக்கத்தில் இல்லை. வாயை அகலமாகத் திறந்தாள். உதடு நடுங்கியது. தர்ஷினியால் அதைப் படிக்க முடியவில்லை. இன்னும் கிட்டே வந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

தங்கமணி சென்னியப்பன் பக்கம் திரும்பினாள்.

"கையில எப்படிங்க சொல்றது?"

சென்னியப்பனுக்குத் தெரியும். அம்மா, வெளியே, கூப்பிடு என்ற மூன்று சொல்லும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அவரே சொல்லிவிடலாம் என்று கையைத் தூக்கினார்.

மேகலா அவர் மணிக்கட்டின் மேல் கையை வைத்தாள். மெல்லத்தான் வைத்தாள். அவர் கை அங்கேயே நின்றது.

தங்கமணி காத்திருந்து பார்த்தாள். யாரும் சொல்லவில்லை.

கடைசியில் அவளே கையைத் தூக்கினாள். தன் நெஞ்சில் தட்டிக்கொண்டாள். வாசலைக் காட்டினாள். பிறகு கையை நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி அழைத்துக் காட்டினாள்.

தர்ஷினி எழுந்து அவளிடம் வந்தாள்.

"உன்னை வரச் சொல்லலடா கண்ணு. நீ சொன்னதைச் சொல்றேன். நீ கூப்பிட்டே..."

தங்கமணி மறுபடியும் நெஞ்சில் தட்டிக்கொண்டாள்.

தர்ஷினி அந்தக் கையைப் பார்த்தாள். அப்படி இல்லை என்று தலையசைத்தாள். அம்மாவின் கையை எடுத்தாள். நான்கு விரல்களை மடக்கினாள். ஆள்காட்டி விரலை மட்டும் நிமிர்த்தினாள். அதைக் கொண்டுபோய் அம்மாவின் மூக்குத்தியின் மேல் வைத்தாள்.

விடுதியில் பிள்ளைகள் அம்மாவுக்கு அப்படித்தான் சொல்வார்கள்.

"இதுதான் அம்மாவா?" என்றாள் தங்கமணி.

தர்ஷினி அவள் உதட்டைப் படித்துத் தலையாட்டினாள்.

தங்கமணி விரலை மூக்குத்தியிலிருந்து எடுத்தாள். தானாகவே மறுபடி வைத்துப் பார்த்தாள்.

கையை மகளிடம் நீட்டினாள்.

"அடுத்தது?"